என்னிடம் நான் ஒப்படைக்கப்பட்டது குறித்து அக்காவுக்கு

பெருமதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்குத் தம்பி பணிந்து எழுதிக்கொள்வது.

தாங்களும், தங்கள் இடுப்பு எலும்பும், அதற்குள் வைத்துத் தைத்திருக்கும் உலோகத் தகடும் ஒன்றுக்கொன்று அனுசரித்துப் போகின்றன என்று நம்புகிறேன். இங்கே நானும் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். ஆனால் பல்கலைக்கழகத்தில் முதுமையியல் படிக்க ஆரம்பித்த பிறகு, அறுபத்தெட்டு வயது மனிதர் ஒருவர் சுகமா இல்லையா என்பதை அப்படி வாய்க்கு வந்தபடி சொல்லிவிட முடியாது என்று தெரிந்துகொண்டேன். அதற்கு நான்கு பக்கப் படிவம் இருக்கிறது. பயிற்சி பெற்ற ஒருவர் நேரில் வந்து பார்த்து அதை நிரப்ப வேண்டும். ஒருவர் வந்து நிரப்பியும் விட்டார். அவர் யார் என்பதில்தான் சிக்கலே ஆரம்பம். (தாங்கள் என்று தொடங்கியிருக்கிறேன். அடுத்த பத்தியில் நீ என்று ஆகிவிடும். பழக்கதோஷம், பொறுத்துக்கொள்ளவும்.)

போன வருடம் நீ குளியலறையில் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வீட்டுக்குப் போனால் விவரம் தெரிந்த ஆள் ஒருவர் கூடவே இருக்க வேண்டும், ஒரு வருடத்துக்குள் அப்படி ஆள் அமையாவிட்டால் முதியோர் இல்லம்தான் என்று டாக்டர் சொன்னார். "முப்பத்தோரு வருஷம் ஜெயிலுக்குள்ள இருந்தவ நான். வார்டரா இருந்தாலும் உள்ளதானே இருந்தேன்? இனிமே என்னை எவனும் உள்ள போட முடியாது" என்று அவரிடம் நீ சொன்னாய். அப்புறம் வந்த மூன்று நர்சுகளும், தினமும் காலையில் நிமிர்ந்து நின்று பெயரும் நம்பரும் சொல்ல எங்களால் ஆகாது என்று ஒருவர்பின் ஒருவராக ஓடிப்போனார்கள். நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றேன். நீ என்ன சொன்னாய்? "நீயா? ஒரு தொட்டிச் செடி வாங்கிக் குடுத்தேன், மூணே வாரத்துல சாகடிச்சே. போய் ஒழுங்கா படிச்சு சர்டிபிகேட் வாங்கிட்டு வா, அப்புறம் பார்க்கலாம். அதுவரைக்கும் சும்மா சும்மா போன் பண்ணி உயிர வாங்காதே" என்றாய். வேறு யாராக இருந்தாலும் இதை, போடா உன் வேலையைப் பார்த்துக்கொண்டு என்று புரிந்துகொண்டிருப்பார்கள். நான் முப்பத்து நான்கு வருடம் எடை அளவுத் துறையில் கடை கடையாக ஏறித் தராசுக்கு முத்திரை குத்தியவன். சான்றிதழ் என்று ஒருவர் சொன்னால் எனக்குச் சான்றிதழ்தான். மறுவாரமே ஒரு வருடப் பட்டயப் படிப்பில் சேர்ந்தேன், பதினொரு மாதமாக உனக்குப் போனும் பண்ணவில்லை. கடிதத்தைப் பற்றி நீ ஒன்றும் சொல்லாததால் இதை எழுதுகிறேன். டாக்டர் கொடுத்த கெடு அடுத்த மாதம் முடிகிறது என்பது எனக்கு நினைவிருக்கிறது.

உன் கீழ் வீட்டு டெய்லரம்மா அவ்வப்போது என்னைக் கூப்பிட்டுச் சேதி சொல்கிறார். தினமும் மாலை ஆறு மணிக்கு நீ ஊன்றுகோலோடு வாசலில் வந்து நிற்கிறாயாம். ஜெயிலில் கைதிகளை எண்ணிப் பூட்டுவதுபோல வீட்டுக்குள் ஒரு பார்வை பார்த்து, "ஒண்ணு, கணக்கு சரி" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத் தாழ்ப்பாள் போடுகிறாயாம். அவர் அதைத் தமாஷாகத்தான் சொன்னார். நானும் சிரிக்கத்தான் முயன்றேன்.

சரி, படிப்புக்கு வருகிறேன். சேர்க்கை நாளன்று மேசைமேல் மூன்று அடுக்குப் படிவங்கள் இருந்தன. வெற்றுப் படிவத்தைப் பார்த்தால் எனக்குக் கை நமைக்கும் என்பது உனக்குத் தெரியும். மூன்றிலும் ஒவ்வொன்று எடுத்து நிரப்பினேன். முதலாவது சேர்க்கை விண்ணப்பம், இரண்டாவது நூலக அட்டை. மூன்றாவது எதற்கென்று பார்க்கவில்லை. வயது என்ன, தனியாக வசிக்கிறீர்களா, முழங்கால் வலி உண்டா என்று கேட்டிருந்தது. உண்டு, இரண்டிலும், என்று போட்டேன். மாணவனின் முழங்காலைப் பற்றிக்கூடக் கவலைப்படுகிறார்களே, இதல்லவா பல்கலைக்கழகம் என்று நெகிழ்ந்துபோய்க் கையெழுத்தையும் போட்டுத் தொலைத்தேன்.

வகுப்பில் என்னைத் தவிர இருபத்தாறு பேர், எல்லாம் இருபது வயதுப் பிள்ளைகள். ஒருவருக்கு முதியோர் இல்ல மேலாளர் ஆக வேண்டும், ஒருவருக்குப் பகல் நேரப் பராமரிப்பு மையம் நடத்த வேண்டும், ஒருவருக்கு மறதி நோய் வந்தவர்களின் குடும்பங்களுக்கு ஆலோசனை சொல்ல வேண்டும். என் பக்கத்தில் உட்கார்ந்த பெண் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றி நான் பார்த்ததில்லை, அதனால் அவளுக்கு ஹெட்போன் என்றே பெயர் வைத்துவிட்டேன். இந்தப் பிள்ளைகளுக்கு எண்பது வயது உடம்பு எப்படியிருக்கும் என்று காட்டுவதற்காகத் துறையில் ஒரு அங்கி வைத்திருக்கிறார்கள். அதில் வரிசையாகப் பன்னிரண்டு பை, பைக்குள் ஈயக்கட்டி. அதோடு முழங்காலை மடக்க விடாத பட்டை, மங்கலான மஞ்சள் கண்ணாடி, காதடைப்பு. என் முறை வந்தபோது மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கினேன். "என்ன வித்தியாசம் தெரிஞ்சுது?" என்று கேட்டார் பேராசிரியை. "பட்டை நல்லா பிடிமானமா இருக்கு மேடம், வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாமா?" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். கை சும்மா இருந்தால்தானே? ஈயக்கட்டிகளை எடுத்துச் சோதனைக்கூடத் தராசில் வைத்துப் பார்த்தேன். கட்டிக்கு நாற்பது கிராம் குறைவு, மொத்தம் நானூற்று எண்பது. எண்பது வயது என்று எழுதி ஒட்டிவிட்டு எழுபத்தாறு வயதைத்தான் பிள்ளைகளுக்குக் கொடுத்து வந்திருக்கிறார்கள். இந்த அங்கியைப் போட்டுத் தேர்ச்சி பெற்றுப்போன பழைய மாணவர்கள் அத்தனை பேரையும் திரும்ப அழைத்து மீதி நான்கு வயதையும் கொடுத்தனுப்ப வேண்டும் என்று எழுத்துமூலம் புகார் கொடுத்தேன். பேராசிரியை அதைப் படித்துவிட்டு அங்கியை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

இரண்டாம் பருவத்தில் களப்பணி. ஒவ்வொரு மாணவருக்கும் தனியாக வசிக்கும் முதியவர் ஒருவரை ஒதுக்குவார்கள், பன்னிரண்டு வாரம், வாரம் ஒரு முறை அவர் வீட்டுக்குப் போய்ப் பேசி, கவனித்து, படிவம் நிரப்ப வேண்டும். அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டியிருந்தது. என் பெயருக்கு நேரே முதியவர் என்ற இடத்தில் என் பெயர். அலுவலகக் குமாஸ்தாவிடம் போய், ஏதோ பிழை என்றேன்.

"பிழையே இல்ல சார். மூணாவது படிவம் நிரப்பினீங்கல்ல? அது மாணவர்கள் வந்து பார்க்கலாம்னு சம்மதிக்கிற பெரியவங்களுக்கான படிவம். யார் வீடு யாருக்குப் பக்கமோ அவங்களை கம்ப்யூட்டரே சேர்த்துவிடும். உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல தூரம் சைபர் கிலோமீட்டர். இவ்வளவு பொருத்தமான ஜோடி இதுவரைக்கும் அமைஞ்சதே இல்ல."

"மாத்த முடியாதா?"

"முடியுமே. அந்தப் பெரியவர் உங்களை வேண்டாம்னு எழுதிக் குடுக்கணும்."

முகத்தில் அடித்தாற்போல ஒரு மனிதனை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அதுவும் ஒரு தடவைகூட வந்து பார்க்காத நிலையில். சரி, வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

முதல் வருகை செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. ஒன்பது ஐம்பதுக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனைவரை போய், மாணவர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, திரும்பி வந்து மணி அடித்தேன். பதில் இல்லை. ஐந்து நிமிடம் விட்டு மறுபடியும் அடித்தேன். பதில் இல்லை. சிரிக்காதே அக்கா, உள்ளே ஆள் இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் களப்பணிக் கையேட்டின் பதினான்காம் பக்கம் என்ன சொல்கிறது? முதியவரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் மாணவர் அவருடைய சாவியைத் தொடக் கூடாது. அனுமதியை முந்தின நாளே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தயாராகத்தான் வைத்திருந்தேன், உள்ளே, சாப்பாட்டு மேசைமேல். மூன்று முறை மணியடித்தும் திறக்காவிட்டால் அவசர உதவியை அழைக்க வேண்டும் என்பது பதினைந்தாம் பக்கம். அழைத்தேன். தீயணைப்பு வண்டி வந்தது. "உள்ள யாரு சார்?" என்றார் அவர்களில் மூத்தவர். "ஒரு பெரியவர், தனியா இருக்கிறவர்." "உங்களுக்கு என்ன வேணும்?" "ரொம்ப நெருக்கம்" என்றேன். கதவை உடைத்து உள்ளே போய் அறை அறையாகத் தேடினார்கள், கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார்கள். "யாருமே இல்லையே சார்?" என்றார். நான் உள்ளே போய் அட்டையைக் கழற்றிவிட்டு, "இப்போ வந்துட்டார்" என்றேன். அதற்கு அவர் சொன்ன வார்த்தை எந்தப் படிவத்திலும் எழுதத் தக்கதல்ல. கதவு இன்றுவரை சரியாகப் பொருந்தவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து அனுமதிக் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டேன். கூடத்தில் எதிரெதிரே இரண்டு நாற்காலி. ஜன்னல் பக்கம் மாணவன், சுவர்ப் பக்கம் முதியவர். மாணவனின் நாற்காலியில் உட்கார்ந்து கேள்வி கேட்பேன், எழுந்து போய் முதியவரின் நாற்காலியில் உட்கார்ந்து பதில் சொல்வேன், திரும்பி வந்து அதை எழுதிக்கொள்வேன். முப்பத்தாறு கேள்விக்கு எத்தனை தடவை எழுந்து உட்கார வேண்டும் என்று நீயே போட்டுப் பார். நான்காம் வாரம் முழங்கால் வலி குறைந்திருப்பதாக முதியவர் சொன்னார், மாணவன் அதைத் தன் சாதனையாகக் குறித்துக்கொண்டான். களப்பணி வீட்டில் மாணவர் எதையும் வாங்கிக் குடிக்கக் கூடாது என்று விதி. முதியவருக்கோ பத்தரைக்குத் தேநீர் உள்ளே போகாவிட்டால் தலை இடிக்கும். ஆகவே அவர் தன் நாற்காலியில் உட்கார்ந்து ரசித்துக் குடிப்பார், மாணவன் இந்தப் பக்கம் வந்து வறண்ட தொண்டையோடு அடுத்த கேள்வியைக் கேட்பான். ஒரு வாய் குடிக்கிறாயா என்று அந்த மனிதர் ஒரு பேச்சுக்குக்கூடக் கேட்டதில்லை.

ஐந்தாம் வாரம் முதியவரின் கருத்துப் படிவம் வந்தது. பொய் எழுதிப் பழக்கமில்லையே எனக்கு. வருகிறவர் ஓயாமல் பேசுகிறார், நான் சொல்ல வருவதை முன்கூட்டியே தெரிந்தவர்போல முடித்துவைக்கிறார், என் சட்டையையே போட்டுக்கொண்டு வருகிறார் என்று எழுதினேன். மாணவன் அதைப் பார்த்துக் கொதித்துப்போய், முதியவர் பிடிவாதக்காரர், எதையும் தனக்குத் தெரியும் என்கிறார் என்று பதில் புகார் கொடுத்தான். விசாரணை வைத்தார்கள். மாணவர் தரப்பு பதினொரு மணிக்கு, முதியவர் தரப்பு பதினொன்றரைக்கு. முதல் தரப்பை முடித்துக்கொண்டு நான் வெளியே வந்தபோது, "அந்தப் பெரியவர் வர்ற நேரம், ரெண்டு பேரும் முட்டிக்கக் கூடாது, நீங்க அந்தக் கோடிக்குப் போய் உட்காருங்க" என்று உதவியாளர் என்னைத் தள்ளிக்கொண்டு போனார். பதினொன்றரைக்கு மறுபடியும் நானே உள்ளே போனதைப் பார்த்ததும் பேராசிரியை பேனாவைக் கீழே வைத்தார்.

"இது எத்தனை நாளா நடக்குது?"

"ஆறு வாரமா மேடம்."

"ஏன் யாருமே எங்கிட்ட சொல்லல?"

"ரெண்டு தரப்புலயும் நான்தானே மேடம் புகார் குடுத்தேன்?"

நடுவில் நிறுத்தினால் அடுத்த வருடம்தான் மறுபடியும் களப்பணி என்றார் குமாஸ்தா. அடுத்த வருடம் என்றால் உன் டாக்டரின் கெடு என்னாவது? பேராசிரியையிடம் விஷயத்தைச் சொன்னேன். "சரி, தொடருங்க. ஆனா ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க. படிவம் நிரப்புறதுக்காக நாம போறதில்ல" என்றார். அதையும் கையேட்டின் ஓரத்தில் குறித்துக்கொண்டேன். வெளியே காத்திருந்த ஹெட்போன் முதல் தடவையாக அந்தச் சாதனத்தைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, "சார், ஒரு நாள் நான் உங்க வீட்டுக்கு வரட்டுமா? சும்மா பேசிட்டிருக்கலாம்" என்றாள். அவர் எனக்கு ஒதுக்கப்பட்ட முதியவர், நீ வருவது விதிமீறல் என்று கண்டித்து அனுப்பினேன்.

இடையில் வேலைவாய்ப்பு நாள் என்று ஒன்று வந்தது. பெரிய கூடத்தில் இல்லங்களும் மையங்களும் மேசை போட்டு உட்கார்ந்திருந்தன. பிள்ளைகளோடு நானும் தலைவாரிக்கொண்டு போனேன். முதல் மேசையில் ஒரு அம்மாள் எழுந்து நின்று எனக்கு நாற்காலி கொடுத்தார். "மாடிப்படி ஏற முடியுமா?" என்றார். "ஓடியே ஏறுவேன்" என்றேன். "ராத்திரி எத்தனை தடவை எழுந்திருப்பீங்க?" "தேவைப்பட்டா எத்தனை தடவை வேணும்னாலும்" என்றேன், இரவு முறை வேலைக்குத் தயக்கம் காட்டக் கூடாது என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அவர் முகம் வாடிவிட்டது. "கூட யாராவது வந்திருக்காங்களா?" என்று மென்மையாகக் கேட்டார். ஹெட்போனுக்கு மூன்று இடத்தில் வேலை கிடைத்தது. எனக்கு நான்கு இடத்தில் அறை கிடைத்தது, ஒன்று தோட்டத்தைப் பார்த்தது.

இனி ஒன்பதாம் வாரம். அன்றைய படிவத்தில் இருபத்திரண்டாம் கேள்வி, கடைசியாக யாரோடு சேர்ந்து வாய்விட்டுச் சிரித்தீர்கள்? கேட்டுவிட்டு முதியவரின் நாற்காலிக்குப் போனேன். யோசித்து யோசித்துப் பார்த்தபோது உன் ஆஸ்பத்திரிதான் வந்தது. மயக்கம் தெளியாத நிலையில் நீ பெரிய டாக்டரைப் பார்த்து, "நிமிர்ந்து நில்லு, பாக்கெட்ட காலி பண்ணு" என்று அதட்டியதும் அவர் பயந்துபோய்ப் பையிலிருந்ததையெல்லாம் எடுத்து வைத்தார். அதில் உன் மேசையிலிருந்து காணாமல்போன பிஸ்கட் பொட்டலமும் இருந்ததே, நினைவிருக்கிறதா? தையல் வலிக்குதுடா என்று கத்திக் கத்தி நீ சிரித்தாய், நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அதைச் சொல்லிவிட்டு இந்தப் பக்கம் வந்து எழுதி, தேதியைப் போட்டேன். பத்து மாதம் ஆகியிருந்தது. மாணவனுக்குக் கண் கலங்கிவிட்டது. களப்பணியில் மாணவர் உணர்ச்சிவசப்படக் கூடாது என்பது இருபதாம் பக்கம். ஆகவே எழுந்து முதியவரின் நாற்காலிக்குப் போய் அங்கே உட்கார்ந்து அழுதேன். அந்த வாரம் மிச்சக் கேள்விகளைக் கேட்கவில்லை.

எப்படியோ பன்னிரண்டு வாரமும் முடிந்தது, எழுத்துத் தேர்வும் முடிந்தது. முடிவு இன்றோ நாளையோ வந்துவிடும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, என்னளவுக்குத் தன் முதியவரை அறிந்த மாணவர் எவரும் இந்தத் துறையில் படித்ததில்லை. ஆகவே அக்கா, இனிமேல் உன்னைப் பார்த்துக்கொள்ளப்போகிறவன் முத்திரை குத்தப்பட்ட ஆள். வந்த அன்றே குளியலறையில் கைப்பிடி பொருத்துவேன், வழியில் கிடக்கும் மிதியடிகளை எடுத்தெறிவேன். காலை எட்டு மணிக்கு நடை, பத்து மணிக்குக் கேள்விகள். நீ எதிர்த்துப் பேசினால் கையேட்டில் பக்கம் காட்டுவேன். பெயர், நம்பர் எல்லாம் சொல்ல மாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன். பெட்டியைக் கட்டிவைத்துவிட்டு உன் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.

மாத்திரைகளை வேளாவேளைக்கு விழுங்கவும். டெய்லரம்மாவுக்கு என் அன்பைச் சொல்லவும். வயதிலும் அதட்டலிலும் மூத்த உன் கை என் தலைமேல் எப்போதும் இருக்கட்டும், குட்டுவதற்காக இருந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
உன் கீழ்ப்படிதலுள்ள தம்பி,
முதுமையியல் பட்டயம் (சான்றிதழ் வழியில் உள்ளது)

பி.கு.: உறையை ஒட்டப்போன நேரத்தில் தபால்காரர் வந்து, பொருந்தாத அந்தக் கதவு வழியாக இரண்டு உறைகளைப் போட்டுவிட்டுப் போனார். ஒன்று மாணவனுக்கு. எழுத்துத் தேர்வில் வகுப்பிலேயே முதல், களப்பணியில் தோல்வி. கீழே பேராசிரியை கைப்பட எழுதியிருக்கிறார்: "தன் முதியவரைப் பன்னிரண்டு வாரமும் தனியாகவே விட்டிருக்கிறார். வர விரும்பியவரைக்கூட உள்ளே விடவில்லை." நாலு தடவை படித்துப் பார்த்தேன், எடையில் குறை சொல்ல முடியவில்லை. இரண்டாவது உறை முதியவருக்கு. ஒத்துழைப்புக்கு நன்றி, தங்கள் அறிக்கையைப் பார்த்ததில் தாங்கள் இனித் தனியாக வசிப்பது நல்லதல்ல, தாங்கள் கடைசியாகச் சேர்ந்து சிரித்த நெருங்கிய உறவினரின் பொறுப்பில் இருப்பதே உகந்தது, அவருக்கும் தகவல் அனுப்பியிருக்கிறோம் என்கிறார்கள். ஆகவே மேலே நான் எழுதிய கைப்பிடி, மிதியடி, காலை நடை எதையும் பொருட்படுத்த வேண்டாம். விவரம் தெரிந்த ஆள் எங்கே என்று உன் டாக்டர் கேட்டால், இதோ என் தம்பி, எழுத்தில் முதல், களத்தில்தான் கோட்டைவிட்டான், அந்தக் களத்தை இனிமேல் அக்கா நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிடு. முதியவர் வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் இரண்டு பெட்டியோடு வருகிறார். பத்தரைக்கு அவருக்குத் தேநீர் வேண்டும், ஆனால் நீ கேட்டால் பெயரும் நம்பரும் ஒழுங்காகச் சொல்வார். அன்று மாலை ஆறு மணிக்கு எண்ணும்போது இரண்டு என்று வரும். கணக்குச் சரிதான், பதறாமல் தாழ்ப்பாளைப் போடு.